டெல்டாவில் எந்தத் தீர்வு நடைமுறையில் நிற்கும்? காய்ச்சல் பாய்ச்சல், வடிகால், மாற்றுப்பயிர், அலையாத்தி

கடைமடைவாசி (திருத்துறைப்பூண்டி வட்டம்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அரிச்சந்திரா நதிப் பாசனத்தின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. சென்ற வாரம் ஒரு தனியார் நிறுவனத்தின் சார்பில் இரண்டு இளைஞர்கள் வந்து எங்கள் உழவர் குழுவைக் கூட்டிப் பேசினார்கள். நெல் வயலில் எந்நேரமும் தண்ணீரை நிறுத்தி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் மீத்தேன் வாயு வெளியேறுவது குறையும் என்றும், அந்தக் குறைவைக் கணக்கிட்டு வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கார்பன் கிரெடிட்டாக விற்று அதில் ஒரு பங்கை எங்களுக்குத் தருவதாகவும், அதற்குப் பல ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

மீத்தேன் என்ற சொல் காதில் விழுந்ததுமே கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராக நடந்தவர்கள் இங்கே நிறையப் பேர். நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் 30ஆம் நாள் அத்திவெட்டியில் கண்மூடியது அந்தப் போராட்டத்தின் நடுவில்தான். "அன்றைக்குப் பூமிக்கு அடியில் இருந்ததை எடுக்க வந்தார்கள், இன்றைக்கு நம் வயலே குற்றவாளி என்கிறார்கள்" என்று ஒரு பெரியவர் கலங்கிப் போய்ச் சொன்னார். அவர் வருத்தம் நியாயமானது. ஆனால் நடவு முடிந்து ஒரு மாதம் ஆன வயலில் இறங்கினால், காலை எடுக்கும் இடத்தில் எல்லாம் சேற்றிலிருந்து சலசலவென்று குமிழி கிளம்புவதைப் பார்த்திராத உழவர் யாரும் இல்லை. அந்தக் குமிழியில் இருப்பதும் அதே வாயுதான் என்பதை நான் மறுக்கத் தயாராக இல்லை.

என் கேள்வி வேறு. எங்கள் குழுவிடம் கொஞ்சம் பணமும், கொஞ்சம் ஆட்களும், ஒரு பருவ காலமும் இருக்கின்றன. மேட்டூர் 2022இல் மே 24ஆம் நாளே திறந்தது. 2023இல் ஜூன் 12 அன்று திறந்தும் குறுவை கருகியது. 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா மூழ்குகிறது. தை மாதம் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொள்கிறது. 2021 ஜனவரியில் கதிர் வயலிலேயே முளைத்ததை எல்லோரும் பார்த்தோம். எங்கள் ஊரின் கிழக்குப் பாதியில் நிலத்தடி நீர் உப்பு. மேற்குப் பாதியில் மட்டும் ஏழெட்டு ஆழ்துளைக் கிணறுகள் உள்ளன. இந்த நிலையில் பருவநிலை மாற்றத்துக்கான தீர்வு என்று சொல்லப்படுபவற்றுள் எதை முதலில் கையில் எடுப்பது? பெரிய பேச்சாக இல்லாமல், எங்கள் வயலில் செய்யக் கூடியதாகச் சொல்லுங்கள்.

வேளாண் மாணவர் (கும்பகோணம்):

ஐயா, கேள்வியைத் தெளிவாக வைத்திருக்கிறீர்கள். முதலில் அந்த ஒப்பந்தத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

தண்ணீர் நிற்கும் மண்ணில் காற்று புகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் மட்கும் வேரையும் தழையையும் உண்டு மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக் குழல் வழியாகவே மேலே வருகிறது. நடுநடுவே மண் காய்ந்தால் காற்று உள்ளே போய் இந்த வேலையை நிறுத்திவிடும். ஐ.நா.வின் பருவநிலை அறிஞர் குழுவான ஐ.பி.சி.சி. 2019இல் வெளியிட்ட திருத்திய வழிகாட்டியில், எப்போதும் நீர் நிற்கும் வயலுக்குத் தெற்காசியப் பொது மதிப்பு ஒரு ஹெக்டேருக்கு ஒரு நாளைக்கு 0.85 கிலோ மீத்தேன். 115 நாள் குறுவைக்கு இது ஏறக்குறைய 98 கிலோ. பலமுறை காயவிட்டால் 45 விழுக்காடு குறையும் என்பது அதே வழிகாட்டியின் மதிப்பு. ஆக 44 கிலோ மிச்சம். நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்று கொண்டால், ஹெக்டேருக்கு ஒன்றேகால் டன்; ஏக்கருக்கு அரை டன். டன்னுக்கு 1,000 ரூபாய் விலை கிடைக்கும் என்றே வைத்துக்கொண்டாலும் ஏக்கருக்கு 500 ரூபாய்தான் வருகிறது. அளவிடுபவர், சரிபார்ப்பவர், இடைத்தரகர் எல்லோரும் பங்கு எடுத்த பிறகு உங்கள் கைக்கு வருவது ஒரு நடவு ஆள் கூலிக்கும் எட்டாது.

இந்தச் சந்தையின் நம்பகத்தன்மையும் ஆட்டம் கண்டிருக்கிறது. சீனாவின் 37 நெல் வயல் மீத்தேன் திட்டங்களை 2024இல் உலகின் பெரிய கார்பன் பதிவு அமைப்பே நிராகரித்தது. ஆகவே பணத்துக்காகக் கையெழுத்திட வேண்டாம் என்பது என் கருத்து.

ஆனால் காய்ச்சல் பாய்ச்சலை அதனாலேயே ஒதுக்கிவிடக் கூடாது. ஓரடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, அந்தப் பாதியை மண்ணுக்குள் இறக்கி உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட்டால் போதும். குழாய்க்குள் நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும் வரை பாய்ச்ச வேண்டியதில்லை. மேலே மண் மயிரிழை வெடிப்பு விட்டிருந்தாலும் வேருக்கு ஈரம் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். நடவு முடிந்த முதல் இரண்டு வாரமும், பூக்கும் நேரத்தில் ஒரு வாரமும் மட்டும் நீர் நிறுத்த வேண்டும். பாசன நீரில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். ஒரு எச்சரிக்கையும் உண்டு: காய்ந்து நனையும் மண்ணில் யூரியாவை அளவுக்கு மீறி வீசினால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும், அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 270 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். ஆகவே உரத்தைப் பிரித்து இடுவதும் இந்த முறையின் ஒரு பகுதியே.

ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர் (தஞ்சாவூர்):

தம்பி எழுதிய கணக்கு சரியானது, பயனுள்ளதும் கூட. ஆனால் அந்தக் குழாய் எந்தப் பருவத்தில், யாருடைய வயலில் வேலை செய்யும் என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

காயவிடுவது என்றால் தண்ணீரை நிறுத்தவும், வேண்டும்போது திரும்ப விடவும் முடிய வேண்டும். ஆழ்துளைக் கிணறு உள்ளவருக்குக் குறுவையில் இது முடியும். ஆற்றுத் தண்ணீரை நம்பியிருப்பவர், அதுவும் முறைப் பாசனம் வைத்திருக்கும் நாட்களில், அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாமல் இருக்கிறார். அவர் வந்த தண்ணீரை வரப்பு வழியும் அளவுக்குக் கட்டித்தான் வைப்பார். அதை அறியாமை என்று சொல்வது பெரும் பிழை. இன்ன நாளில் இன்ன வாய்க்காலுக்குத் தண்ணீர் உறுதியாக வரும் என்று சொல்லி, சொன்னபடி நடந்தால், அவரே மடையை அடைப்பார். ஒரு மதகின் அட்டவணையை நம்பத் தகுந்ததாக ஆக்குவது எத்தனை பயிற்சி முகாமுக்கும் மேலான மீத்தேன் குறைப்பு என்று நான் பணியில் இருந்த காலத்திலேயே சொல்லி வந்தேன். அப்போது மீத்தேன் என்று பெயர் சொல்லவில்லை, அவ்வளவே.

சம்பாவிலோ கதை தலைகீழ். ஐப்பசி, கார்த்திகையில் வயலைக் காயவிட நினைத்தாலும் முடியாது. மேலே பெய்த மழை, அக்கம்பக்கத்து வயலின் வடிநீர், ஆற்றின் உபரி எல்லாம் கடைமடைக்கு வந்து சேர்கின்றன. வெண்ணாற்றின் கடைசிப் பகுதியில் ஒரே ஆறு மேல்வயலுக்கு வடிகாலாகவும் கீழ்வயலுக்குப் பாசனமாகவும் இருக்கிறது. நிலத்தின் சரிவு கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குக் குறைவு. கடல் ஏற்ற நேரத்தில் வெள்ளம் வெளியேறாது. வற்றம் வரும்வரை நிற்கும். 2006க்கும் 2018க்கும் இடையில் உலகச் சராசரிக் கடல் மட்டம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. இது கேட்பதற்குச் சிறிய அளவு. ஆனால் சரிவே இல்லாத நிலத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் வெள்ளம் வடியும் நேரத்தைத் தின்கிறது. இன்னொரு பக்கம், 1934இல் மேட்டூர் கட்டியது முதல் வண்டல் அணைக்குள்ளேயே தங்குகிறது. வருகிற கொஞ்சம் மணலையும் ஆற்றில் அள்ளிவிட்டார்கள். ஆற்றுப் படுகை தாழ்ந்ததால் வாய்க்கால் தலைப்புகள் (ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடங்கள்) மேலே நின்றுவிட்டன. முன்பு ஏறிய அளவுத் தண்ணீர் இப்போது தலைப்பில் ஏறுவதில்லை. கோடையில் தண்ணீர் ஏறாது, மழையில் வடியாது என்ற இரட்டைத் துன்பத்துக்குக் காரணம் இவைதான்.

ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு வெண்ணாறு உபவடிநிலத்தில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றின் கரையை உயர்த்தி, பழைய நீரொழுங்கிகளைப் புதிதாகக் கட்டும் திட்டம் வந்தது. பருவநிலை மாற்றத்துக்குத் தகவமைப்பது என்ற பெயரிலேயே எடுத்த திட்டம் அது. அது தேவையான வேலை. ஆனால் ஆற்றை மட்டும் சீர் செய்துவிட்டு, ஆற்றில் வந்து சேரும் கிளை வடிகால்களை விட்டுவிட்டால், உயர்த்திய கரையே உள்வயல் நீர் வெளியேறத் தடையாகிவிடும். ஆண்டுதோறும் ஏப்ரல், மே மாதத் தூர்வாரும் பணியில் ஏ, பி பிரிவுப் பெரிய வாய்க்கால்களுக்கு இயந்திரம் வருகிறது. சி, டி பிரிவுச் சிறு வாய்க்கால்களுக்கு வருவது நிச்சயமில்லை. வயலை ஒட்டிய வடிகாலுக்கோ கேட்பாரே இல்லை.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மழையில், கடைமடைக் கிராமம் ஒன்றில் ஏறக்குறைய முப்பது வேலி (சுமார் இருநூறு ஏக்கர்) சம்பா மூழ்கிக் கிடந்தது. நான்காம் நாள், பயிரின் நுனி மட்டும் பழுத்த மஞ்சளாகத் தெரிந்தது, தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்து அழுகல் நாற்றம் எடுத்தது. வடிகாலைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். பத்தடி அகல வடிகாலின் குறுக்கே சாலை போட்டவர்கள் இரண்டடி விட்டமுள்ள ஒற்றைக் குழாயைப் புதைத்திருந்தார்கள். அந்த வாயில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் பின்னிக்கொண்டு, அதன்மேல் ஒரு பழைய வைக்கோல் கட்டும் உட்கார்ந்திருந்தது. நான்கு இளைஞர்கள் இடுப்புக் கயிற்றோடு இறங்கி அரைநாள் வெட்டி இழுத்தார்கள். அன்று இரவே தண்ணீர் ஒரு சாண் இறங்கியது. அந்த ஒரு குழாயின் இடத்தில் ஒரு பெட்டிப் பாலம் இருந்திருந்தால் முப்பது வேலியும் முதல் நாளிலேயே தப்பித்திருக்கும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை: முதலில் வடிகால். வடிகால் இருந்தால்தான் காயவிட முடியும், மாற்றுப்பயிர் வைக்க முடியும், உப்பைக் கழுவி வெளியேற்ற முடியும். மற்றவை அதற்குப் பிறகு.

மின்துறைப் பணியாளர் (பட்டுக்கோட்டை, இப்போது சென்னை):

வயல் மீதே எல்லாப் பாரத்தையும் ஏற்றக் கூடாது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். இந்திய அரசு ஐ.நா.வுக்குக் கொடுத்த 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டின் பசுங்குடில் வாயுக்களில் ஏறக்குறைய 76 விழுக்காடு எரிசக்தித் துறையிலிருந்து வருகிறது. வேளாண்மை முழுவதற்கும், கால்நடையும் சேர்த்து, 14 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. 2021இல் கிளாஸ்கோவில் அறிவித்த உலக மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை. சிறு உழவரின் நெல்லும் மாடும் பிழைப்பு சார்ந்தவை என்ற வாதம் எனக்கு ஏற்புடையதே.

2023இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய இடங்கள் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்து, எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டு ஏப்ரலில் நீக்கப்பட்டன. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கையில் இருந்தது அதற்கு உதவியது. இப்படி ஒரு சுரங்கம் வராமல் தடுத்ததும் பருவநிலைத் தீர்வுதான். ஊர் ஊராகக் குழாய் நட்டு மிச்சம் பிடிப்பதற்கு அது எவ்விதத்திலும் குறைந்ததில்லை.

சூரிய மின் பம்பு பற்றி ஒரு சொல். டீசலை விட அது நல்லது. ஆனால் இயங்கும் செலவே இல்லாத பம்பு பகல் முழுதும் ஓடும். கடலோரத்தில் இனிய நீர் உப்பு நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அதை வேகமாக உறிஞ்சினால் கீழிருந்து உப்பு ஏறும். உங்கள் மேற்குப் பாதிக்கு இது பொருந்தும், கவனமாக இருங்கள்.

உளுந்து விதைப்பவள் (மன்னார்குடி அருகில்):

பொறியாளர் ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இந்த இழையில் இதுவரை நெல்லைத் தவிர வேறு பயிரே வரவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என் மாமியார் காலத்தில் சம்பா, தாளடி அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, மெழுகுபதமாக இருக்கும் வயலில், நிற்கும் நெல்லுக்கு நடுவே உளுந்தையும் பயறையும் தெளிப்போம். கதிர் அரிவாளால் அறுத்து எடுத்த பின் தாளுக்கு இடையில் இரண்டு இலையோடு உளுந்து நிற்கும். ஓர் உழவு இல்லை, ஒரு சொட்டுப் பாசனம் இல்லை. மாசி, பங்குனிப் பனியிலேயே விளையும். வேர் முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்தைக் கொடுத்துவிட்டுப் போகும். தண்ணீர் நிற்காத வயலில் மீத்தேன் எங்கிருந்து வரும்? எந்த நிறுவனமும் சொல்லிக் கொடுக்காமல் நாம் செய்த வேலை இது.

இப்போது அறுவடை இயந்திரம் வருகிறது. அதன் சங்கிலித் தடம் ஈர வயலில் ஏறினால் முளைத்த உளுந்து நசுங்கிப் போகிறது. இயந்திரம் இறங்க வேண்டும் என்பதற்காக வயலை முன்கூட்டியே காயவிட்டால் உளுந்துக்கு ஈரம் போதவில்லை. ஆள் வைத்து அறுக்கக் கூலிக்குக் கட்டாது, ஆளும் கிடைக்காது. அதனால் வாய்ப்புள்ள இடத்தில் எல்லாரும் கோடை நெல்லுக்குப் போகிறார்கள். ஆழ்துளைக் கிணறு இரவு பகலாக ஓடுகிறது. குறுவை, தாளடி, கோடை என்று மூன்று போகம் நெல் வைக்கும் வயலில் ஒரு போகத்தை உளுந்துக்கோ எள்ளுக்கோ திருப்பினால், அந்தப் பருவத்தின் மீத்தேன் முழுவதும் நின்றுபோகும். குழாய் வைத்து மிச்சம் பிடிப்பதோ பாதி அளவுதான்.

ஏன் திருப்பவில்லை என்றால், நெல்லுக்கு நேரடிக் கொள்முதல் நிலையம் இருக்கிறது. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டியது என்று திருப்பி அனுப்பினாலும், பத்து நாள் காத்துக் கிடந்தாலும், கடைசியில் அரசு விலை வந்துவிடும் என்ற நம்பிக்கை இருக்கிறது. உளுந்துக்கு அந்த நம்பிக்கை இல்லை. நான் இரண்டு ஆண்டுக்கு முன் நான்கு மூட்டை உளுந்தை வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வைத்திருக்க இடமும் இல்லை, வண்டும் விழுந்துவிடும். உளுந்துக்கும் ஊர் அருகிலேயே கொள்முதல் வைத்தால் பயிர் தானாக மாறும்.

இன்னொன்று, தம்பிக்கு. வயலைக் காயவிட்டால் களை மண்டும். தண்ணீர் நிறுத்துவதே பாதி களைக்காகத்தான். களை எடுப்பது யார்? குனிந்து நிற்பது நாங்கள். உங்கள் கணக்கில் எங்கள் முதுகையும் சேருங்கள்.

வேளாண் மாணவர் (கும்பகோணம்):

அம்மா சொல்வது முழு உண்மை. என் கணக்கில் அதைச் சேர்க்கத் தவறியது என் குறை. கோனோ வீடர் களைக்கருவி உருட்டினால் குனிய வேண்டியதில்லை. ஆனால் அதற்கு வரிசை நடவு வேண்டும், ஈரமும் வேண்டும். தெளித்து விதைத்த வயலில் அது ஓடாது. ஆகவே இயந்திர நடவு செய்யும் குறுவை வயல்களில் மட்டும் குழாயைத் தொடங்குவதே சரி.

விதையைப் பற்றியும் கேட்டிருக்கலாம் என்பதால் சொல்கிறேன். சி.ஆர். 1009 சப் 1 போன்ற ரகங்கள் இளம்பயிர்ப் பருவத்தில் முழுவதும் மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை உயிரோடு இருந்து தழைக்கும். ஆனால் வாரக் கணக்கில் அரைப்பயிர் அளவுக்குத் தேங்கி நிற்கும் நீருக்கும், கதிர் முற்றிய பின் வரும் மழைக்கும் அந்தக் குணம் உதவாது. உப்பு மண்ணுக்குத் திருச்சி 3 என்ற ரகம் இருக்கிறது. பழைய ரகங்களான குழியடிச்சான், களர்ப்பாலை ஆகியவற்றை நெல் ஜெயராமன் அவர்கள் ஆதிரெங்கத்திலிருந்து திரும்பப் பரப்பினார். விளைச்சல் குறைவு என்றாலும், புதிய ரகம் ஒன்றுமே தராத வயலில் அவை தரும். விதையும் வடிகாலுக்கு மாற்றாகாது என்பதில் பொறியாளர் ஐயாவோடு உடன்படுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: வடித்து விடுவது என்றால் டி.எம்.சி. கணக்கில் நல்ல தண்ணீரைக் கடலில் வீணாக்குவதாகாதா? 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து கொள்ளிடத்தில் அவ்வளவு தண்ணீர் போனதைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் நாம்.

அலையாத்திக்கரை மீனவர் (முத்துப்பேட்டை):

தம்பி, கடலில் "வீணாக" என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் நின்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

கோரையாறும் பாமணியாறும் கொண்டு வரும் நல்ல தண்ணீர் எங்கள் லகூனில் (கடற்கழியில்) கலக்கிறபோதுதான் கடலிலிருந்து வரும் இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் வளர்கின்றன. அலையாத்தி மரம் உப்பைத் தாங்கும். அதற்காக உப்பை மட்டுமே குடித்து வாழாது. நல்ல தண்ணீர் வராத ஆண்டுகளில் மரம் குட்டையாகி, திட்டு திட்டாகத் தரை வெள்ளையடித்துப் போவதை நாங்கள் படகிலிருந்து பார்க்கிறோம். 2004 சுனாமியின்போது அலையின் வேகம் இந்தக் காட்டில்தான் ஒடுங்கியது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வந்தபோது மரங்கள் முறிந்து, இலை உதிர்ந்து காடே எரிந்தது போல நின்றது. அந்தக் காடு வாங்கிய அடியை வாங்காமல் விட்டிருந்தால் பின்னால் உள்ள ஊர்களின் நிலை என்ன என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

வனத்துறையினர் இங்கே மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டுகிறார்கள். நடுவே ஒரு பெரிய கால்வாய், இருபுறமும் சாய்வாகச் சிறு கால்வாய்கள். கடல் ஏற்ற வற்றத்தோடு தண்ணீர் உள்ளே வந்து வெளியே போகும். அந்தக் கரையோரத்தில் விதை ஊன்றினால் பிடிக்கிறது. வெட்டிவிட்டு விட்டுவிட்டால் நாலைந்து ஆண்டில் சேறு தூர்ந்து, தண்ணீர் தேங்கி, வெயிலில் உப்பாக இறுகிச் செடி சாகிறது. பொறியாளர் ஐயா வயலில் சொன்ன அதே வடிகால் கதைதான் கடலோரத்திலும். நட்ட செடியின் எண்ணிக்கையைப் பலகையில் எழுதுகிறார்கள். தூர்வாருவதற்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குகிறார்களா என்பதையே நான் கேட்பேன். மரம் நடுவது தீர்வு என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உழவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. நீங்கள் வடிக்கும் தண்ணீரோடு களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் வருகின்றன. மருந்து அடித்த மறுநாளே மடையைத் திறக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர் (தஞ்சாவூர்):

மீனவ நண்பருக்கு நன்றி. என் துறையில் பல்லாண்டு இருந்தும் நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட பாடம் அது. கடலுக்குப் போகும் தண்ணீர் எல்லாம் வீண் என்ற பேச்சை நானும் பேசியவன்தான்.

2018இல் நடந்ததைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். மேட்டூர் நிரம்பி வழிந்த அதே ஆகஸ்டில் கடைமடை வாய்க்கால்களுக்குத் தண்ணீர் சேரவில்லை. 1836இல் கட்டிய மேலணையின் மதகுகளைக் காலத்தில் மாற்றாததும், வாய்க்கால் தலைப்பும் உள்வாய்க்காலும் சரியில்லாததும் அதற்குக் காரணங்கள். வயலுக்குப் போக வேண்டியது வயலுக்கும், முகத்துவாரத்துக்குப் போக வேண்டியது முகத்துவாரத்துக்கும் போவதற்கு, மதகு ஒழுங்காக ஏறி இறங்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16இல் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது; அந்தப் பங்கு இனி கூடும் என்று நம்பித் திட்டமிட முடியாது. இருக்கும் தண்ணீரை நாள் குறித்து விடுவதும், மிஞ்சியதைத் தேங்கவிடாமல் வடிப்பதும் நம் கையில் இருப்பவை.

கடைமடைவாசி (திருத்துறைப்பூண்டி வட்டம்):

எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இந்த இழையை அச்செடுத்துச் சென்று நேற்றுக் குழுக் கூட்டத்தில் வாசித்தேன். உளுந்து பற்றிய பதிவை வாசித்தபோது பெண்கள் பக்கம் இருந்து "அதைத் திரும்ப வாசியுங்கள்" என்றார்கள்.

கார்பன் ஒப்பந்தத்தில் இப்போது கையெழுத்திடுவதில்லை என்று முடிவாகியது. அதற்குப் பணம் குறைவு என்பது மட்டும் காரணமில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் கோயில் நிலத்தையும் தனியார் நிலத்தையும் வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுகிறவர்கள். பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் (கிராம நிர்வாக அலுவலர் தரும் பயிர்ச் சான்று) வாங்குவதற்கே அலைகிற அவர்கள் பல ஆண்டு ஒப்பந்தத்தில் எப்படிச் சேர முடியும்? நிலத்தின் உரிமையாளர் கையெழுத்திட்டுப் பணம் வாங்கிக்கொள்வார். வயலில் காயவிட்டுக் களை எடுப்பது குத்தகைக்காரராக இருக்கும்.

மேற்குப் பாதியில் ஆழ்துளைக் கிணறு உள்ள எட்டுப் பேர் இந்தக் குறுவையில் தலைக்கு மூன்று மா (ஏறக்குறைய ஓர் ஏக்கர்) வயலில் குழாய் வைத்துப் பார்க்கிறார்கள். பம்பு ஓடும் மணி நேரத்தை ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறோம். களை ஆள் எத்தனை என்பதையும் அதே நோட்டில் எழுத வேண்டும் என்று பெண்கள் கேட்டுச் சேர்த்தார்கள். ஐந்து குடும்பங்கள் கோடை நெல்லை விட்டுவிட்டு உளுந்து வைக்க ஒப்புக்கொண்டன. கூட்டுறவுச் சங்கத்தில் கொள்முதல் கேட்டு மனு எழுதுகிறோம்.

குழுவின் பணம் முழுவதும் வடிகாலுக்கு. ஊரின் தென்கிழக்கில் ஒன்றரைக் கிலோமீட்டர் வடிகால் தூர்ந்து கிடக்கிறது. வரைபடத்தில் இருபதடி, இப்போது ஆறடி கூட இல்லை. இருபுறமும் வரப்பைத் தள்ளிப் பயிரிட்டவர்களில் என் அண்ணனும் ஒருவர். அவரிடம் நானே பேசிவிட்டேன், புரட்டாசிக்கு முன் விட்டுவிடுவதாகச் சொன்னார். ஆடி மாதம் தண்ணீர் வருவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். இயந்திரத்தை எந்த முனையிலிருந்து இறக்குவது, எவ்வளவு ஆழம் வெட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. பொறியாளர் ஐயா வழிகாட்ட வேண்டும்.

ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர் (தஞ்சாவூர்):

உங்கள் அண்ணனுக்கு முதல் வணக்கம். ஆனால் ஆடிக்குள் வெட்ட வேண்டும் என்றால் அவர் வரப்பைப் புரட்டாசிக்கு முன் விடுவது போதாது. ஆனி முடிவதற்குள் விட வேண்டும். அதை இன்றே மறுபடி பேசிவிடுங்கள்.

மேல்முனையிலிருந்து தொடங்காதீர்கள். மேலே ஆழமாக வெட்டிவிட்டுக் கீழே வந்தால் வாய் மேடாக நின்று, வெட்டிய இடமெல்லாம் குட்டையாகிவிடும். வடிகால் ஆற்றில் சேரும் வாயில் மட்டம் எடுத்து, அங்கிருந்து மேல்நோக்கி வெட்டிக்கொண்டு வர வேண்டும். வாயில் உள்ள மதகின் அடித்தளத்துக்குக் கீழே ஓர் அங்குலம் கூடப் போகக் கூடாது. போனால் கடல் ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே வந்து நிற்கும். ஆற்றை ஒட்டிய வேலை என்பதால் நீர்வளத்துறை உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். வெட்டிய மண்ணைக் கரையில் கொட்டாமல் பத்தடி தள்ளிப் போடச் சொல்லுங்கள். கரையிலேயே போட்டால் முதல் மழையில் கரைந்து மறுபடி உள்ளே வரும்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மட்டக் கருவியோடு வருகிறேன். அளவுகோல் பிடிக்க இரண்டு பேரும், கிராம நிர்வாக அலுவலரிடம் நகல் எடுத்த புல வரைபடமும் வேண்டும். வழியில் எத்தனை குழாய்ப் பாலங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் விட்டம் என்ன என்பதை நான் வருவதற்கு முன்பே அளந்து வையுங்கள்.